காலண்டர் சீசனுக்கு மெஷின் நேரத்தைப் பங்கு போட்ட கதை

சிவகாசியில் சின்ன ஆப்செட் அச்சகம் எங்களுடையது. நாலு கலர் மெஷின் ஒன்று, பெயர் அடிக்க ஒரு மினி ஆப்செட், ஒரு கட்டிங் மெஷின், அவ்வளவுதான். வருஷத் தொடக்கத்தில் நோட்டு அட்டை, அப்புறம் பட்டாசு லேபிள், ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் வெளியானதும் காலண்டர். ஆர்டர் சீராக வந்தால் கவலையே இல்லை. ஆடியில் சொட்டுச் சொட்டாக வரும், தீபாவளி முடிந்ததும் கொட்டும், எல்லாருக்கும் டிசம்பர் கடைசிக்குள் கையில் வேண்டும். அந்த நேரம் பார்த்து அடைமழை வேறு, தாள் ஈரம் இழுத்துச் சுருண்டு, மை காயாமல், நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் உயிரை வாங்கும்.

போன சீசனுக்குத் திட்டம் போட உட்கார்ந்தபோது முதலில் பார்த்தது எது நெரிசல் என்பதைத்தான். நாலு கலர் மெஷின்தான், சந்தேகமே இல்லை. எங்கள் மெஷினில் 5000 தாள் ஓட ஒரு மணி நேரம், 500 தாள் ஓட ஆறு நிமிடம். ஆனால் அச்சடிக்க வேண்டிய படம் பதிந்த பிளேட்டை மாற்றி, ரோலர் கழுவி, கலர் சேர்த்து எடுக்க இரண்டுக்குமே முக்கால் மணி நேரம் போகும். ஆகவே ஒரு காலண்டருக்கு என்ன லாபம் என்ற கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, இந்த மெஷினின் ஒரு மணி நேரத்துக்கு என்ன நிற்கிறது என்று ஒவ்வொரு வேலைக்கும் எழுதினேன். தனிப் படம் கேட்கும் சின்ன ஆர்டர், கேட்க ஜோரான ரேட்டாக இருந்தாலும், பட்டியலில் அடியில் போய் நின்றது.

அடுத்தது இருப்பு. தினசரி காலண்டரில் தேதித்தாளில் வருஷம் இருக்கிறது, ஜனவரி தாண்டினால் அது எடைக்குத்தான். மேலே ஒட்டும் பிள்ளையார் படத்துக்கு வருஷம் ஏது? மிஞ்சினால் அடுத்த ஆடிக்கு ஆகும். எனவே மழைக்கு முன்னால், ஆகஸ்ட், செப்டம்பரில் மெஷின் சும்மா இருந்த நேரமெல்லாம் பெயர் இல்லாத படங்களாக அடித்துக் கட்டி வைத்தோம். கடைப் பெயரும் போன் நம்பரும் நவம்பரில் மினி ஆப்செட்டில் ஏறின. தேதித்தாளை மட்டும் கையில் இருக்கும் ஆர்டருக்குக் கொஞ்சம் மேலே, அதற்கு மிஞ்சி எடுக்கவில்லை.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே தாளில் நாலு படம் அடித்தால் பிளேட் செலவும் நேரமும் மிச்சம், ஆனால் நாலும் ஒரே எண்ணிக்கையில்தான் வரும். முருகனும் லட்சுமியும் பறக்கும், இயற்கைக் காட்சி அப்படியே கிடக்கும். அதனால் முருகனுக்கு இரண்டு இடம், லட்சுமிக்கு ஒன்று, மீதி ஒன்றில் மற்ற படம் என்று தாளை அமைத்தோம். ஆர்டர் விகிதத்தோடு முழுசாகப் பொருந்தாதுதான், ஆனாலும் குடோனில் தேங்குவது நன்றாகக் குறைந்தது.

காசு விஷயத்தையும் சொல்ல வேண்டும். முன்கூட்டியே அடித்தால் பேப்பருக்குப் போட்ட பணம் மூன்று மாதம் முடங்கும், வட்டி ஓடும். கடைசி நேரத்தில் நைட் ஷிஃப்ட் கூலியும் மழையில் வீணாகும் தாளும் அதைவிட அதிகம் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே துணிந்தேன்.

டிசம்பர் பாதிக்கு மேல், “அண்ணாச்சி, நம்ம கடைப் படத்தையே போட்டு 300 காலண்டர் வேணும்” என்று ஒருவர் வந்தார். இருப்பில் இருந்த படங்களை மேசையில் விரித்து, இதில் ஒன்றென்றால் நாலு நாளில் தருகிறேன், உங்கள் படம்தான் வேண்டுமென்றால் பொங்கலுக்குப் பிறகு என்றேன். கொஞ்ச நேரம் முனகிவிட்டு லட்சுமியை எடுத்துக்கொண்டார்.