உப்புக் காற்றில் ஒரு ஸ்பிரிங் மாற்றம்

ஃபோக்ஸ்வேகனின் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த இடைவெளி நன்றாகத் தெரியும். டயருக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாக நுழையும். நம் சாலைகளை உத்தேசித்து, ஐரோப்பிய போலோவைவிட உயர்த்தியே இங்கே விற்றார்கள். 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைத்திறன், ஏழு வேகத் தானியங்கி டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் எல்லாம் இருந்தும், வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்வதும், பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கும்போது உடல் ஆடுவதும் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஷாக் அப்சார்பர்களும் வயதாகித் தளர்ந்திருந்தன. அவற்றை எப்படியும் கழற்றத்தான் வேண்டும். அதோடு வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங்கையும் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

எவ்வளவு தாழ்த்துவது? 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ராமநாதபுரத்தில் குடியிருப்பவன் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது வேகத்தடையை. சாலை அமைப்புக்கான விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் கணக்குப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். போலோவின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 2.46 மீட்டர்தான். ஆகவே விதிப்படி போட்ட வேகத்தடையில் நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் மேட்டின் மீதே நிற்கும்; அடிவயிற்றுக்குக் கீழே குறையும் இடைவெளி நாலரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான். ஊர்க்காரர்களே தாரைக் கொட்டி எழுப்பிய ஒரு முழ அகலத் தடையில் அப்படி இல்லை. முன் சக்கரம் இறங்கிய பிறகு மேடு முழுவதும் வயிற்றுக்கு நேர் கீழே வந்து நிற்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மீனவ கிராமங்களுக்குள் திரும்பினால் இந்த இரண்டாவது வகைதான் அதிகம். ஐந்து பேர் ஏறி, பின்னால் ஐஸ் பெட்டியும் வைத்து அவற்றைக் கடக்க வேண்டும். 40 மில்லிமீட்டர் என்ற பேச்சை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

25 மில்லிமீட்டர் வகையைத் தேடும்போது வேறொரு விஷயம் பிடிபட்டது. ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன் கம்பெனிகள் சொல்லும் இறக்கம் ஐரோப்பிய போலோவின் உயரத்திலிருந்து கணக்கிட்டது. நம் வண்டி ஏற்கெனவே உயர்ந்திருப்பதால், அதே ஸ்பிரிங் இங்கே இன்னும் கூடுதலாக இறங்கும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி 40 வாங்குகிறவர் உண்மையில் அதற்கும் கீழே போய்விடுவார். முன் அச்சின் எடையையும் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சின் கனமானது. அதற்கான ஸ்பிரிங்கைப் பெட்ரோல் வண்டிக்குப் போட்டால் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும். கடைக்காரர் “போலோதானே, எல்லாம் ஒன்றுதான்” என்றால் அவரிடம் வாங்காதீர்கள். எஞ்சினையும் அச்சு எடையையும் பட்டியலில் பார்த்து, பாக எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு பட்டறையில், “தம்பி, எதற்கு இவ்வளவு செலவு? இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒன்றரைச் சுற்றை வெட்டிவிடுவோம்” என்றார்கள். நல்ல மனதோடு சொன்ன யோசனைதான். ஆனாலும் அதை யாரும் செய்யக் கூடாது என்று அழுத்தியே சொல்வேன். முன் ஸ்பிரிங்கின் அடிநுனி அதன் தட்டில் உள்ள தடுப்பில் கச்சிதமாக உட்காரும்படி செய்யப்பட்டது. வெட்டிய நுனி அப்படி உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது நீளம் குறைந்த ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். சூடுபடுத்தி வெட்டினால் எஃகின் பதமும் போய்விடும். கம்பெனி செய்யும் லோயரிங் ஸ்பிரிங்கில் சில சுற்றுகள் நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: சக்கரம் முழுவதும் தொங்கினாலும் அது தட்டை விட்டு விலகாது. உயரம் குறையும்போது அமுங்குவதற்கான இடமும் குறைகிறது என்பதால் கம்பியின் விறைப்பையும் கூட்டியிருப்பார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஆர்சி புத்தகத்தில் தரை இடைவெளி குறிக்கப்படுவதில்லை என்பதை வைத்து இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்துக்கு நான் எழுத்து மூலம் தெரிவித்தேன். பழைய ஸ்பிரிங்குகளைக் கிரீஸ் தடவிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்டால் திரும்பப் போட்டுக் காட்டலாம்.

பொருத்தும் வேலையைக் கீழக்கரையைச் சேர்ந்த ஒரு மெக்கானிக் காக்கா ஏற்றுக்கொண்டார் (அண்ணனை அங்கே காக்கா என்றுதான் அழைப்பார்கள்). முதல் நாள் மாலையே வண்டியைக் கேட்டார். கடலோர வண்டிகளின் அடியில் எந்த நட்டும் சொன்ன பேச்சுக் கேட்காது என்பது அவருக்குத் தெரியும். போல்ட்டுகளுக்கெல்லாம் துரு இளக்கும் எண்ணெய் அடித்து இரவு முழுவதும் ஊற விட்டார். அப்படியும், வண்டி சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கின் நட்டு அடம் பிடித்தது. நட்டைத் திருகினால் உள்ளே இருக்கும் தண்டும் கூடவே சுற்றியது. தண்டின் நுனியில் சாவியைச் செருகிப் பிடிக்கலாம் என்றால் அந்தக் குழியையே உப்புத் தின்றிருந்தது. கடைசியில் நட்டை அறுத்தெடுத்துப் புதிய லிங்க் போட்டோம். ராமேசுவரம், மண்டபம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு லிங்க்குகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வண்டியில் முன் ஷாக் அப்சார்பர் சக்கரத் தாங்கியின் பிளவுக்குள் இறுக்கமாக நிற்கிறது. அந்தப் பிளவை விரிக்கத் தனிக் கருவி உண்டு. அது இல்லாமல் சுத்தியலால் அடித்து இறக்கும் பட்டறைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். வெளியே எடுத்த பிறகு ஸ்பிரிங்கை அமுக்கும் கட்டத்தில் காக்கா யாரையும் பக்கத்தில் நிற்க விடவில்லை. அமுக்கியின் கொக்கிகளில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டார். “காக்கா, இது எதற்கு?” என்றேன். “பெயின்ட்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும் தம்பி, துரு அங்கேதான் தொடங்கும். அப்புறம் சுற்று உடைந்து டயரைக் கிழிக்கும்” என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் போனது சரி. ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளிலும் மெழுகு கலந்த துருத்தடுப்பைப் பூசினார். ஈர மணல் தங்குவது அங்கேதான்.

மேல் மவுண்ட், பேரிங், முட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப், தூசு உறை எல்லாவற்றையும் புதிதாகப் போட்டோம். பின்பக்கம் சுலபம். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பிரேக் குழாய் இழுபடாமல் பின் அச்சை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடுகிறது. தளர்த்திய ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து விரைவில் கிழியும்.

உயரத்தைச் சக்கர மையத்திலிருந்து மேல் வளைவு வரை அளந்து குறித்துவைத்தேன். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்று கணக்கைக் கெடுக்கும். அன்றே ஊரில் ஒரு வீல் அலைன்மென்ட் பார்த்தோம். ஸ்பிரிங் ஓடி அமர்ந்த பிறகு மதுரையில் மறுபடியும் பார்த்தேன். டோ அளவு, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, சற்று நகர்ந்திருந்தது. இரண்டாவது அலைன்மென்ட்டைத் தவிர்த்தால் புது டயரின் உள்விளிம்பு தேய்ந்துவிடும். இறக்கம் முன்னால் 31, பின்னால் 27 மில்லிமீட்டரில் நின்றது. ஹெட்லைட் வெளிச்சத்தின் உயரத்தையும் சரிசெய்தேன். இரவில் இங்கே சாலையோரம் மாடுகள் படுத்திருக்கும்.

வளைவில் சாய்வு நன்றாகக் குறைந்திருக்கிறது, பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவதில்லை. பாம்பன் பாலத்தில் காற்று இன்னும் தள்ளத்தான் செய்கிறது, ஆனால் ஸ்டீயரிங்கில் ஒரு சிறு திருத்தத்தோடு நேராகிறது. அதற்குப் பாதிக் காரணம் புதிய ஷாக் அப்சார்பர்கள் என்றே நினைக்கிறேன். பாலத்தின் இணைப்புகளில் ‘டக் டக்’ என்ற அதிர்வு முன்பைவிடக் கூர்மையாகக் கேட்கிறது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒடுங்கிய வேகத்தடைகளில் ஐந்து பேரோடு போகும்போது கோணலாக ஏற்றி இறக்குகிறேன், வயிறு தட்டவில்லை. அரிச்சல்முனைக்குப் போய் வந்தால் அன்றிரவே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிடுகிறேன். அந்தச் சாலையில் இரு பக்கமும் கடல். காற்றில் வரும் மணல் சக்கர வளைவுக்குள் அப்பிக்கொள்கிறது. குழாயை ஸ்பிரிங்கின் அடித்தட்டுக்கு நேராகப் பிடித்து, மணல் அடித்துப் போய்த் தெளிந்த நீர் வரும்வரை விட வேண்டும்.