இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கோர் எடுத்துப் பாருங்க

போன வாரம் சிவில் கடைசி வருஷம் படிக்கிற ஒரு பையன் மெசேஜ் பண்ணிருந்தான், "அண்ணா கிரீன் பில்டிங் பக்கம் வரலாம்னு இருக்கேன், முதல்ல லீட் எக்ஸாம் எழுதிடவா?"ன்னு. ரெண்டு வரில பதில் போடலாம்னு ஆரம்பிச்சேன், நீண்டுக்கிட்டே போச்சு, சரி இங்கயே எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன்.

எழுதுப்பா, தாராளமா எழுது. லீட்ங்கிறது கட்டடம் எவ்ளோ பசுமையானதுன்னு பாயிண்ட் போட்டு சர்டிஃபிகேட் குடுக்குற முறை. அதுல லீட் கிரீன் அசோசியேட்னு ஒரு எக்ஸாம், 100 கேள்வி, ரெண்டு மணி நேரம், ஒழுங்கா படிச்சா பாஸ் ஆயிடலாம், முதல் வேலை கிடைக்க உதவும். ஆனா வேலைய அது கத்துக்குடுக்காது, அதுக்கு கட்டடத்துக்குள்ள போகணும்.

நான் இந்த வேலைக்கு வந்து 11 வருஷம் ஆச்சு. முதல் நாலு வருஷம் முழுக்க பாயிண்ட் கணக்குதான், லீட்ல மொத்தம் 110, 60 தாண்டினா கோல்டு, 80 தாண்டினா பிளாட்டினம், எக்செல் ஷீட்ட தொறந்து வச்சுக்கிட்டு எங்கயாச்சும் ரெண்டு பாயிண்ட் தேறுமான்னு பாக்குறது. அந்த வேலைய நான் மட்டமா சொல்ல மாட்டேன். 1990ல பிரிட்டன்ல பிரீயம்னு ஒரு முறை வந்து கட்டடத்துக்கு மார்க் போட ஆரம்பிச்சிருக்கலன்னா, இன்னிக்கு ஓனர்கிட்ட போய் இன்சுலேஷன் எங்கன்னு கேக்க நமக்கு ஒரு பிடிப்பே இருந்திருக்காது.

ஆனா சர்டிஃபிகேட் வாங்கின ஒரு ஆபீஸ் கட்டடத்துல ஒரு வருஷம் கழிச்சு கரண்ட் பில்ல பாத்தா நாங்க கம்ப்யூட்டர் மாடல்ல கணக்கு போட்டு காட்டினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு போய் பாத்தோம். ஒரு ஆள் கிடையாது, லைட்டெல்லாம் அணைஞ்சிருக்கு, ஆனா மூணாவது மாடில ஏஹெச்யூ, அதாவது ஏசி காத்த மாடிக்கு அனுப்புற மெஷின், இருக்கிற ரூம்ல ஃபேன் முழு வேகத்துல ஓடிக்கிட்டு இருக்கு. பேனல்ல சுவிட்ச் ஆட்டோவுல இல்ல, மேனுவல்ல இருந்துச்சு. டெஸ்டிங் நேரத்துல யாரோ திருப்பி விட்டது, திரும்ப மாத்தவே இல்ல. காலியா கெடந்த மாடிக்கு ஒரு வருஷமா ராத்திரி பூரா காத்து போயிருக்கு. அன்னிக்கு எனக்கு உண்மையிலயே வயிறு எரிஞ்சுது. அதுலேர்ந்து கட்டி முடிச்ச கட்டடத்துக்குத்தான் என் மனசு போச்சு, பழைய கட்டடங்களுக்கு இன்னும் அதிகமா.

நாலு வருஷம் முன்னாடி ஒரு பழைய குடியிருப்பு, மூணு பிளாக், நாப்பது வருஷத்துக்கு மேல ஆனது. எல்லாத்தையும் இடிச்சுட்டு அந்த இடத்துல 'கிரீன்' டவர் கட்டணும்னு ப்ரீஃப். இடிக்கிறதுக்கு முன்னாடி தூண்ல கோர் எடுத்து பாக்கலாம்னு எங்க ஸ்ட்ரக்சுரல் டீம்ல ஒருத்தர் விடாம கேட்டாரு. எடுத்தோம். ஒரு டம்ளர் உயரத்துக்கு உருளையா ஒரு கான்கிரீட் துண்டு, ஈரமா, சாம்பல் கலர்ல. வெட்டின கையோட அத உடைச்சு அந்த புது முகத்துல காரம் பட்டா பிங்க் ஆகுற பினாப்தலீன ஸ்ப்ரே பண்ணினா, ஸ்கூல் லேப்ல பாத்திருப்பீங்களே அதே பிங்க், நல்லா அடர்த்தியா பரவிச்சு, வெளி ஓரத்துல மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு கலரே ஏறல. அந்த கலர் ஏறாத பகுதிலதான் காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு உள்ள போய் கம்பிய துருப்பிடிக்காம காக்குற கான்கிரீட்டோட காரத்தன்மைய கொன்னுருக்கு. கம்பி அதுக்கும் உள்ளாற, பிங்க் பகுதில இருந்துச்சு. அதாவது கம்பிக்கு இன்னும் பாதுகாப்பு இருக்கு, வெளில பூச்சு உதிர்ந்து அசிங்கமா இருந்தாலும் எலும்பு நல்லா இருக்கு.

பிங்க் வந்துட்டா முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க, உப்பு ஏறியிருந்தா இந்த டெஸ்ட் காட்டாது, குளோரைடுக்கு தனியா லேபுக்கு அனுப்பணும். அப்படி அனுப்பினதுல மூணாவது பிளாக் தேறல, அத இடிக்கத்தான் வேண்டி வந்துச்சு. மத்த ரெண்டும் நின்னுச்சு.

ஏன் இவ்ளோ பாடுன்னா, சிமெண்டுதான் காரணம். சுண்ணாம்புக்கல்ல கிட்டத்தட்ட 1450 டிகிரி சூளைல சுடுறப்ப கல்லுக்குள்ள இருக்கிற கார்பன் டை ஆக்சைடே பிரிஞ்சு வெளில வருது. சூளைக்கு எவ்ளோ சுத்தமான எரிபொருள் போட்டாலும் கல்லுலேர்ந்து வர்றது வரத்தான் செய்யும், சிமெண்டோட மொத்த உமிழ்வுல பாதிக்கு மேல அதுதான். பழைய கட்டடத்துல அந்த புகை ஏற்கனவே போயாச்சு. அத இடிச்சுட்டு புதுசா கட்டினா திரும்ப முதல்லேர்ந்து விடுறோம், புதுக் கட்டடம் எவ்ளோ கரண்ட மிச்சம் பண்ணினாலும் அந்தக் கடன் அடைய பல வருஷம் ஆகும்.

இடிக்காம சரி பண்றத ரொம்ப அழகா செஞ்சு காட்டினவங்க லக்காதோன், வாசால்னு ரெண்டு பிரெஞ்சு ஆர்க்கிடெக்டுகள். பிரான்ஸ்ல போர்டோ நகரத்துல கிராண்ட் பார்க்னு 1960கள்ல கட்டின மூணு பிளாக், 530 வீடு. இன்னும் ரெண்டு ஆர்க்கிடெக்டுகளோட சேந்து, எதையும் இடிக்காம, சன்னல் இருந்த சுவத்த எடுத்துட்டு வெளில ஒட்டின மாதிரி கண்ணாடி போட்ட பெரிய பால்கனிகள வச்சாங்க, வீடு பெருசாச்சு, வெளிச்சம் வந்துச்சு, ஹீட்டிங் செலவும் குறைஞ்சுது. வேலை நடக்குறப்ப குடியிருந்தவங்க யாரும் வீட்ட காலி பண்ணல. 2021ல லக்காதோனுக்கும் வாசாலுக்கும் ஆர்க்கிடெக்டுகளுக்கான பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைச்சுது. "குடியிருந்தவங்க யாரும் வீட்ட காலி பண்ணல"ங்கிறத நான் எல்லா மீட்டிங்லயும் சொல்வேன், ஏன்னா ரீடெவலப்மெண்ட் ட்ராயிங்ல மரம் இருக்கும், சைக்கிள் பாதை இருக்கும், ஏற்கனவே அங்க இருக்கிறவங்க திரும்பி வருவாங்களாங்கிறது மட்டும் எந்த ஷீட்லயும் இருக்காது. எங்க ரெண்டாவது பிளாக்ல ஒரு பெரியம்மா நான் டேப் பிடிச்சு அளந்துக்கிட்டு இருக்கிறப்ப பக்கத்துல வந்து நின்னு கேட்டாங்க, "தம்பி, நாங்க இருக்கலாமா, போகணுமா?" அப்ப என்கிட்ட பதில் இல்ல. ரிசல்ட் வந்தப்ப நானே போய் சொன்னேன்.

அதனால தம்பி, எனர்ஜி மாடலிங், அதாவது கட்டடம் எவ்ளோ கரண்ட் இழுக்கும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது, கத்துக்க, அதுக்கான எனர்ஜிப்ளஸ் சாஃப்ட்வேர் இலவசம், இன்னிக்கே இறக்கி போட்டுப் பாரு. ஒரு பொருள உண்டாக்கறதுல எவ்ளோ கார்பன் போகுதுன்னு கணக்கு போடக் கத்துக்க, இப்ப அதுக்குத்தான் ஆள் தேடுறாங்க. அதோட பிளம்பர், எலக்ட்ரீஷியன் கூட போய் நில்லு, எந்த பைப் எங்க போகுதுன்னு ட்ராயிங்க விட அவங்களுக்குத்தான் நல்லா தெரியும்.

அடுத்த மாசம் வேற ஒரு இடத்துல கோர் எடுக்கிறோம். கூட வர்றியான்னு கேட்டு அவனுக்கு மெசேஜ் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.