துணி றோலும் என் நாரியும்

புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவில் துணிக்கடை வைத்து 19 வருடம். போன தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, நிலத்தில் கிடந்த ஒரு றோலைக் குனிந்து தூக்கி, அப்படியே இடுப்பைத் திருப்பி றாக்கையில் வைக்கப் போனேன். நாரி பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் அது 15 கிலோகூட இருக்காது.

தைலம், ஒத்தடம், மாத்திரை எல்லாம் ஒரு சுற்று நடந்தது. குறையும், திரும்ப வரும். ஜனவரியில் லண்டனுக்குப் போனபோது தங்கச்சி ஒஸ்டியோபதி சிகிச்சைக்குக் கூப்பிட்டாள். 1874இல் அமெரிக்காவில் அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் தொடங்கிய கைமுறைச் சிகிச்சை அது. பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாதவர் அந்தப் பெயரில் தொழில் செய்ய முடியாது என்று அவள் சொன்ன பிறகுதான் சம்மதித்தேன்.

சிகிச்சை செய்த அம்மா என் முதுகில் கை வைக்க முன்பே அரை மணித்தியாலம் போய்விட்டது. எவ்வளவு நேரம் கதிரையில் இருப்பீர்கள், பாரத்தை எங்கிருந்து எங்கே தூக்குவீர்கள் என்று ஒரே கேள்வி. பிறகு குந்தச் சொன்னார். குதிக்கால் நிலத்தில் நிற்கவில்லை, பின்னால் சாய்ந்துவிட்டேன். "இடுப்பு மூட்டும் கணுக்காலும் இறுகிவிட்டன. அவை மடங்காததையெல்லாம் சேர்த்து உங்கள் நாரிதான் மடங்குகிறது" என்றார். அந்த றோலை இவ்வளவு நாளும் வீணாகத் திட்டியிருக்கிறேன்!

மூன்று தடவை போனேன். அழுத்தி, காலை மெல்லச் சுழற்றி இளக்கிவிட்டார். வலி குறைந்தது. ஆனால் அது திரும்ப வராததற்கு அவர் சொல்லித்தந்த பழக்கங்கள்தான் காரணம் என்று நம்புகிறேன். பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடிப்பது, திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைப்பது, அரை மணிக்கு ஒருதரம் எழும்பி நடப்பது. இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார்: நாரி வலியோடு கால் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, யார் கையையும் நம்பி இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வந்ததும் கடையை மாற்றினேன். பாரமான றோல்கள் இப்போது இடுப்பு உயரத் தட்டில். ஷட்டர் திறக்க முன் கடைப் பெடியன்களும் நானும் பத்துத் தரம் குந்தி எழும்புகிறோம்.

தெருவில் முதுகு வளையப் பொதி சுமக்கும் நாட்டாமிமாரைப் பார்க்கும்போதுதான் மனம் கேட்பதில்லை. எங்கள் கடைக்கு வரும் பொதியை இரண்டு பேர் பிடிக்காமல் இறக்க நான் விடுவதில்லை. கூலியையும் இருவருக்கும் கொடுக்கிறேன்.