அப்பாவின் நடுக்கம்: சுங்கை சிப்புட் குறிப்புகள்

3 மார்ச் 2025, திங்கள்

ஈப்போவில் அப்பாவைக் காட்டிவிட்டு வந்தோம். பார்க்கின்சன்தான். டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். மூளை செல்லுக்குள் ஒரு புரதம் திரண்டு கட்டியாகும் நோய் என்றதும் தம்பி, “அந்தக் கட்டியை ஸ்கேனில் காட்டுங்க டாக்டர்” என்றான். சாதாரண ஸ்கேனில் தெரியாதாம். இறந்த பிறகு மூளைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். தம்பி அப்புறம் வாயே திறக்கவில்லை.

5 மார்ச், புதன்

புரதத்தின் பெயர் ஆல்ஃபா சைனூக்ளின். 140 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. எல்லோர் மூளையிலும் நரம்பு முனைகளில் இருப்பதுதான்; மடிப்பு பிசகினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. அந்தத் திரள்களை ‘லூயி உருண்டைகள்’ என்கிறார்கள். ஃபிரெடெரிக் லூயி என்ற மருத்துவர் அவற்றை விவரித்தது 1912இல். உடல் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் கருநிற மூளைப் பகுதியில் பார்த்து, லூயியின் பெயரை வைத்தவர் திரெத்தியாகோஃப் என்ற ஆய்வாளர், 1919இல். உருண்டையில் இருப்பது இந்தப் புரதம்தான் என்று தெரிய 1997 ஆகிவிட்டது!

இன்னொன்று. திரள்கள் முதலில் மோப்ப நரம்புப் பக்கமும், குடலுக்குப் போகும் வேகஸ் நரம்பு மூளையில் தொடங்கும் இடத்திலும் தோன்றும் என்று பிராக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2003இல் சொன்னார்கள். எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. அப்பாவுக்குப் பொருந்துகிறது. பெலாச்சான் (இறால் விழுது) வறுத்தால் பக்கத்து வீடே தும்மும், இவருக்கு வாசனையே தெரியாது. மலச்சிக்கலும் பழையது. தூக்கத்தில் கத்தி உதைப்பதை அம்மா ‘காத்துச் சேட்டை’ என்று கோயிலில் மந்திரித்துக்கொண்டு வந்தார். நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே இப்படியெல்லாம் வரலாமாம்.

9 மார்ச், ஞாயிறு

கிள்ளானிலிருந்து சித்தப்பா ஒரு போத்தலோடு வந்தார். விலை 180 வெள்ளி (ரிங்கிட்). “மூளையில இருக்கிற கசடெல்லாம் கரைஞ்சி வந்துடும்மா, அண்ணனுக்குக் குடு.”

கசடைக் கரைத்தால் போதும் என்றால் எப்போதோ முடிந்திருக்கும் சித்தப்பா. இந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) மருந்துகளின் சோதனை முடிவுகள் 2022இல் வந்தன. இரண்டுமே எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. பெரிய உருண்டையைவிட, அது திரள்வதற்கு முந்தைய சிறு கொத்துகளே அதிக நஞ்சு என்றும், உருண்டை செல் தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டும் குப்பைத் தொட்டி என்றும் ஆய்வாளர்களில் ஒரு தரப்பு வாதிடுகிறது. உருண்டை நிறைய இருந்தும் நடுங்காமலே போய்ச் சேர்ந்த முதியவர்கள் உண்டு. இந்த நோயோடு தொடர்புள்ள எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள சிலருக்கு நோய் இருந்தும் உருண்டை இல்லை. எனக்கு அந்தத் தரப்பு பேசுவதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

சித்தப்பா கோபமாகப் போனார். போத்தலை வைத்துவிட்டுத்தான் போனார்.

14 மார்ச், வெள்ளி

லெவோடோபா மாத்திரையைப் பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்கிறேன். சாப்பாட்டுப் புரதம் குடலில் அதோடு போட்டி போடும். செல்லில் படிந்ததை இது தொடாது. குறைந்துபோன டோபமினை ஈடுகட்டும். சட்டைப் பொத்தானை இன்று அப்பாவே போட்டார்.

செம்பனைக்கு மருந்து அடித்த காலத்தைப் பற்றிக் கேட்டேன். முதுகில் பம்பு, கையுறை கிடையாது, பெரும்பாலும் பாராகுவாட் என்ற களைக்கொல்லி. மலேசியாவில் அதை 2020 முதல் தடை செய்துவிட்டார்கள். பாராகுவாட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. எலிகளின் மூளையில் இதே புரதத்தைக் கூட்டியும் இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு அதனால்தான் என்று யாரும் கைகாட்ட முடியாது. “அப்ப அடிச்சவன் எல்லாம் நடுங்கணுமே” என்கிறார் அவரும்.

அடுத்த முறை டாக்டரிடம் தூக்கத்தில் உதைப்பதைச் சொல்ல வேண்டும். அம்மா கட்டிலில் சுவர்ப் பக்கம் மாறிப் படுத்திருக்கிறார்.