மஞ்சள் வட்டத்தில் ஒரு சொல்

2015 ஆகஸ்ட் 27ஆம் நாள், தூய்மையான தேர்தல் கோரும் 'பெர்சே 4' பேரணிக்கு இரண்டு நாள் இருந்தபோது, அப்பெயர் எழுதப்பட்ட மஞ்சள் ஆடைகளுக்கு மலேசிய உள்துறை அமைச்சு தடை விதித்தது. அன்றிரவு கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டில், மஞ்சள் ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, கறுப்பு நூலால் 'வாக்கு' என்று தைத்து, பின்னால் ஓர் ஊக்கை வைத்து முதல் பேட்ஜைச் செய்தேன். வளைந்து வளைந்து செல்லும் நம் எழுத்துகளை அவ்வளவு சிறிய இடத்தில் சங்கிலித் தையலில் கொண்டுவருவது எளிதன்று. 'க்' மேல் நிற்கும் புள்ளியை மட்டும் நூல் முடிச்சாக இட்டேன். அந்த முடிச்சு அவிழ்ந்தால் சொல்லே கெட்டுவிடும் என்பதால் மூன்று முறை இறுக்கினேன்.

பொத்தான் பேட்ஜுகள் 1896 அமெரிக்க அதிபர் தேர்தலிலேயே பெருமளவில் புழங்கின. ஆயினும் ஆயிரம் பேர் அணியும் ஒரே அச்சைவிட, குத்திய கையின் தடுமாற்றம் தெரியும் தையலையே நான் நம்புகிறேன், ஏனெனில் அதை அணிந்தவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கும் பதில் சொல்ல நேர்ந்தது. பேரணிக்குப் போகும் வழியில், மஸ்ஜிட் ஜாமெக் நோக்கிச் சென்ற எல்ஆர்டி நகர ரயிலில் எதிரே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் சட்டையை உற்றுப் பார்த்து, "யாருக்கும்மா வாக்குக் கொடுத்திருக்கே?" என்று கேட்டார். ஓட்டையும் சத்தியத்தையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழியில் அந்தக் கேள்வியை எந்தப் பொருளில் எடுப்பது என்று சற்றுத் திகைத்து, "இன்னும் யாருக்கும் இல்லைங்க அங்கிள், தேர்தல் ஒழுங்கா நடக்கட்டும்னுதான் போறேன்" என்றேன். அவர் தலையசைத்து, "கொடுத்தா மாறாதே" என்றார்.

வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் சட்டத்திருத்தம் 2019இல் நிறைவேறியது. அதனால் 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் என் அண்ணன் மகள் பதினெட்டு வயதிலேயே வாக்களித்தாள். அதற்கு முந்தைய வாரம் என் அருகில் அமர்ந்து அதே சொல்லைத் தானே தைத்தாள்; புள்ளி முடிச்சை நான் இடுவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டாள். வாக்குச்சாவடியில் கட்சிச் சின்னங்களுக்கு இடமில்லை. அவள் பேட்ஜில் எந்தக் கட்சியும் இல்லையென்றாலும், வாசலிலேயே கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மை பூசிய விரலோடு திரும்பியதும், ஊக்கு முன்பு குத்தியிருந்த அதே துளைகளைத் தேடி அதை மறுபடியும் அணிந்துகொண்டாள்.