நியூ மெக்சிகோ: முடிச்சுக் கயிறும் வெள்ளை மணலும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் என்றால் வெறும் பாலைவனம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதன் தலைநகர் சாண்டா ஃபே சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பனி கொட்டும் ஊர் அது.

இந்த மாநிலத்தின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தது 1680. அங்கே ஆட்சி செய்த ஸ்பானியர்கள், பியூப்லோ என்ற பழங்குடி மக்களின் வழிபாட்டைத் தடை செய்து, சடங்கு நடத்தியவர்களைச் சவுக்கால் அடித்தார்கள். அப்படி அடிபட்டவர்களில் ஒருவர் போப்பே. விடுதலையானதும் தாவோஸ் என்ற பியூப்லோ ஊரில் தங்கி ரகசியமாகத் திட்டம் போட்டார். வெவ்வேறு மொழி பேசும் ஊர்களுக்கு முடிச்சுப் போட்ட கயிறுகள் போயின. தினம் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் எல்லா ஊரும் ஒன்றாக எழ வேண்டும். தூதர்கள் இருவர் பிடிபட்டதால் குறித்த நாளுக்கு முன்பே எழுந்தார்கள். அப்படியும் வென்றார்கள்! 12 ஆண்டுகள் அங்கே ஸ்பானிய ஆட்சி இல்லை. தாவோஸ் பியூப்லோ என்கிற அந்த ஊரின் பல அடுக்கு மண்வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள்.

அப்புறம், தெற்கே போனால் வெள்ளை மணல் தேசியப் பூங்காவைத் தவறவிடாதீர்கள். முழுக்க ஜிப்சம் மணல், அதிகம் சூடேறாது; கோடையிலும் வெறுங்காலோடு நடக்கலாம். அங்கே கண்டெடுத்த மனிதக் காலடித் தடங்கள் 21,000 ஆண்டுகளுக்கும் பழையவை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அதற்கு வடக்கே ட்ரினிட்டி. 1945 ஜூலை 16 அன்று உலகின் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்த இடம். சுற்றுவட்டார மக்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டத்தில் அவர்களைச் சேர்த்ததே 2025-இல்தான். 80 ஆண்டுகள்! எனக்கு மனசு ஆறவில்லை.