சர்க்கரைச் சீட்டும் மனநலச் சீட்டும்

சர்க்கரை வந்து எட்டு வருடம் கழித்துத்தான் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனேன். இப்போது வயது 49. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். கேரளாவுக்குப் போகும் லோடு ஏறி முடிகிறவரை வீட்டுக்குக் கிளம்ப முடியாது, சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று மாத்திரை கூடிக்கொண்டே போய், எச்பிஏ1சி 10.4-ல் வந்து நின்றபோது, நான் காட்டிவந்த தனியார் கிளினிக்கில் "இனி இன்சுலின்தான்" என்றார்கள். கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது. பொதுவாக 7-க்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

அதற்கு முன்பே எனக்கு உடம்பு மட்டும் கெட்டிருக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் இல்லை. ஒரே பில்லை இரண்டு தடவை கூட்டினால் இரண்டு விடை வரும். முருங்கைக்காய் விலை ஏறினால் கடையே கலகலப்பாகிவிடும், எனக்கு மட்டும் ஒன்றும் தோன்றாது. சுகர் பார்க்கும் மெஷின் அலமாரியிலேயே கிடந்தது. பார்த்தால் முந்நூறு காட்டும், காட்டினால் திட்டு விழும், எதற்குப் பார்க்க வேண்டும்? இதைக் கிளினிக்கில் சொன்னபோது, "டென்ஷன் ஆகாதீங்க, தினமும் நடங்க" என்றார்கள். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு, இந்த இரண்டு கேள்வியைத் தாண்டி அங்கே பேச்சு நகர்ந்ததில்லை. வாசலில் அவ்வளவு கூட்டம் நிற்கும்போது வேறென்ன கேட்பார்கள் என்றும் தோன்றும்.

இன்சுலின் செலவு கட்டுப்படியாகாமல்தான் அரசு மருத்துவமனைக்கு மாறினேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் வந்ததிலிருந்து எங்கள் தெருவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பெண்தான் வழி சொன்னார். "அண்ணே, என்சிடி ரூம்னு கேளுங்க, ஆதார் கார்டு கொண்டு போங்க" என்றார். தொற்றா நோய்ப் பிரிவைத்தான் அங்கே எல்லோரும் என்சிடி என்கிறார்கள்.

ஊசி போடக் கற்றுக்கொடுத்தது அங்கிருந்த நர்ஸ். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், புதிதாக இன்சுலின் ஆரம்பிப்பவர்களுக்கு உதவும். அங்கே தரும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100 யூனிட் மருந்துக்கானது. மெடிக்கலில் மாற்றிக் கொடுத்துவிட்டால், 20 என்ற கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது 8 யூனிட்தான். வயிற்றில் ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் தடித்துப்போகும், மருந்து ஒழுங்காகச் சேராது. எனக்கு எழுதியிருந்தது 30/70 கலவை, அதாவது வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் சேர்ந்த இன்சுலின். அதைப் போட்டு அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், நான் எதற்கும் "சரி சிஸ்டர்" என்று மட்டும் சொல்வதைப் பார்த்து நிறுத்தினார். "ராத்திரி தூங்குறீங்களா? முன்ன பிடிச்சது எதுவும் இப்பப் பிடிக்குதா?" என்று கேட்டார். எட்டு வருடத்தில் சர்க்கரை பார்க்கும் இடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. பதில் சொல்ல வாய் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் பதறவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் வாரம் ஒரு நாள் மனநல டாக்டர் வருவார், அன்றைக்கு வாருங்கள் என்று ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

போவதற்குத் தயங்கத்தான் செய்தேன். அந்த அறைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதை மார்க்கெட் ஆள் யாராவது பார்த்தால் சாயங்காலத்துக்குள் லாரி ஷெட் வரை செய்தி போய்விடும். என் மனைவிதான், "நான்தான் காட்ட வந்தேன்னு சொல்லிக்கங்க, வாங்க" என்று கூட்டிப்போனாள்.

உள்ளே ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, கவனம், சோர்வு எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு என்கிறார்கள். எனக்கு 16. கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. "சில நாள் வந்தது" என்றேன். மனநல டாக்டரம்மா முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல், எப்போது, என்ன நினைத்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு என் மனைவியை உள்ளே கூப்பிட்டு மூவருமாகப் பேசினோம். நடுராத்திரியில் தாங்க முடியாமல் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைக்கச் சொன்னார். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஒரு தடவை அழைத்தும் இருக்கிறேன். எதிர்முனையில் இருந்தவர் அறிவுரை ஏதும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்ததே பெரிய ஆறுதல்.

உடனே மாத்திரை எழுதிவிடவில்லை. தைராய்டும் பி12-ம் பார்த்துவரச் சொன்னார். மெட்ஃபார்மினை வருடக்கணக்காகச் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதுவே அசதியையும் காலில் மதமதப்பையும் கொடுக்குமாம். எனக்குக் குறைவாகத்தான் இருந்தது, ஊசி போட்டார்கள். அதோடு மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் மாத்திரை, 25 மில்லிகிராம், பிறகு 50. முதல் வாரம் குமட்டியது. இரண்டு மூன்று வாரம் ஒரு பலனும் தெரியாது, நிறுத்திவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் விடிந்து ஐந்தரைக்கு எழுந்தேன்.

மனச்சோர்வு வேறு, சர்க்கரையோடு மல்லுக்கட்டியே வரும் சலிப்பு வேறு என்றும் அவர் பிரித்துச் சொன்னார். ஊசி, கணக்கு, பத்தியம், பயம் என்று ஓய்வே இல்லாமல் ஓடுவதால் வரும் சலிப்பு இரண்டாவது. அதற்கு மாத்திரை கிடையாது, வைத்தியத்தை ஆளுக்குத் தகுந்த மாதிரி எளிதாக்கத்தான் வேண்டும். எனக்கு இரண்டுமே இருந்தது.

என்னை அதிகம் அலைக்கழித்தது படபடப்புதான். இரவு மார்க்கெட்டில் திடீரென்று வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். சர்க்கரை இறங்கினாலும் அப்படித்தான், பயம் ஏறினாலும் அப்படித்தான். பயந்துபோய் ஒவ்வொரு தடவையும் இனிப்பு டீ குடிப்பேன், சர்க்கரை எகிறும், மறுநாள் மனசு இன்னும் இறங்கும். டாக்டர் சொன்னது: முதலில் மெஷினில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மெஷினுக்கு வழியில்லை என்றால் யோசிக்காமல் சர்க்கரையைப் போட்டுக்கொள்ளுங்கள். 70-க்கு மேலே இருந்தால் உட்கார்ந்து மூச்சை நிதானமாக விடுங்கள். அலமாரியில் கிடந்த மெஷின் இப்படித்தான் என் சட்டைப் பைக்கு வந்தது. ஒரு இரவு 58 காட்டும், இன்னொரு இரவு அதே வேர்வைக்கு 132 காட்டும். எண்ணைப் பார்த்ததும் பாதிப் பயம் போய்விடும்.

என் பழைய சீட்டுகளைப் புரட்டியபோது இன்னொன்றும் அகப்பட்டது. வேறொரு இடத்தில் படபடப்புக்கு என்று எழுதிக் கொடுத்த புரோபிரனலால். இன்சுலின் போடுகிறவருக்கு அது நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடலாம், சர்க்கரை இறங்குவது தெரியாமல் போகும் என்று சொல்லி, படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

சர்க்கரை பார்க்கிற டாக்டருக்கு நான் என்ன மனநல மாத்திரை சாப்பிடுகிறேன் என்று தெரியாது. மனநல டாக்டருக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று தெரியாது. இருவரும் ஒரே கட்டடத்தில், ஒரே தாழ்வாரத்தில்தான் இருந்தார்கள். அதனால் இரண்டு சீட்டையும் ஒரே நோட்டில் ஒட்டினேன். இடது பக்கம் சர்க்கரை, வலது பக்கம் தூக்கம், மாத்திரை, அன்றைக்குச் சாப்பிட்ட நேரம். கணக்கு எழுதுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா! அந்த நோட்டைப் பார்த்துத்தான் சர்க்கரை டாக்டர், லோடு வருகிற இரவுகளில்தான் இறங்குகிறது என்று கண்டுபிடித்தார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்த இரவுகள் அவை. இரவு டோஸைக் குறைத்து, டிபன் கேரியர் கைக்கு வந்த பிறகு ஊசியை எடுங்கள் என்றார்.

கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி 7.9. இன்னும் இறங்க வேண்டும் என்றாலும் யாரும் திட்டவில்லை. செர்ட்ராலினை எப்போது நிறுத்தலாம் என்று மனநல டாக்டரிடம் கேட்டேன். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். ஆறு மாதம் முடிகிற நேரம் ஓணம் வருகிறது, மார்க்கெட்டில் இரவு பகல் தெரியாது. அது முடியட்டும், அப்புறம் குறைப்பதைப் பார்க்கலாம் என்று இருவரும் பேசிவைத்திருக்கிறோம்.